இரவல் வழி

வழி சொல்வதற்கென்றே ஓர் இலக்கிய வகையை வகுத்துக்கொண்ட மொழி நம்முடையது. வள்ளலிடம் பரிசில் பெற்றுத் திரும்பும் கலைஞன், எதிரே வறுமையோடு வரும் மற்றொரு கலைஞனைக் கண்டு, இன்ன வழியே செல்க, இன்னாரைக் காண்க என்று நெறிப்படுத்துவதே ஆற்றுப்படை. பத்துப்பாட்டில் ஐந்து பாட்டுகள் இவ்வகையின. அவற்றுள் முடத்தாமக்கண்ணியார் இயற்றிய பொருநராற்றுப்படை, நம் சோழநாட்டுக் கரிகாலனைப் பாடுவது. மலைபடுகடாமோ இன்னும் ஒரு படி மேலே சென்று, மலைவழியில் எங்கே வழுக்கும், எங்கே பாம்பு இருக்கும், எங்கே விலங்குகளுக்குப் பொறி வைத்திருப்பார்கள் என்றெல்லாம் எச்சரிக்கும்.

இப்பாட்டுகளில் எல்லாம் அடியோட்டமாக ஒரு நெறி உண்டு. வழி சொல்பவன் அவ்வழியே சென்று மீண்டவன். அவன் கால் பட்ட வழியைத்தான் அடுத்தவனுக்குக் காட்டுகிறான். ஆகவே அவன் சொல்லுக்கு மதிப்பு உண்டு.

இன்று நாம் மோட்டார் சைக்கிளின் கைப்பிடியில் ஒரு கருவியைப் பொருத்திக்கொள்கிறோம். யாரோ ஒருவர் எங்கோ அமர்ந்து அமைத்த வழித்தடத்தை ஒரு கோப்பாக வாங்கி அதனுள் இறக்குகிறோம். அது காட்டும் பக்கமெல்லாம் வண்டியைத் திருப்புகிறோம். அந்தக் கோப்பை அமைத்தவர் அவ்வழியே சென்று மீண்டவர்தாமா? எப்போது சென்றார்? எந்த வண்டியில் சென்றார்? கோப்பு வாய் திறப்பதில்லை. நாமும் கேட்பதில்லை. இதைப் பற்றி நம் கல்லூரி நண்பர்களோடும் பேராசிரியப் பெருமக்களோடும் சில கருத்துகளைப் பகிர்ந்துகொள்வதே இக்கட்டுரையின் நோக்கம். தனிக் கருவி இல்லாதவர்களும் இதைப் புறக்கணிக்க வேண்டா. ஆஸ்மாண்ட், ஆர்கானிக் மேப்ஸ் போன்ற கைப்பேசிச் செயலிகளும் இதே கோப்புகளைத்தான் ஏற்கின்றன.

கோப்பில் இருப்பது என்ன?

வழித்தடங்களைக் கருவிக்குக் கருவி மாற்றிக்கொள்ள உதவும் ஜி.பி.எக்ஸ். என்ற கோப்பு வடிவம் 2002-இல் தோன்றியது. கார்மின், டாம்டாம் முதலிய நிறுவனங்களின் கருவிகள் இதைப் படிக்கும். இக்கோப்பினுள் மூன்று வகைச் செய்திகள் இருக்கக்கூடும். முதலாவது, தனித்தனி இடங்களைக் குறிக்கும் வழிப்புள்ளி. இரண்டாவது, ரூட் எனப்படும் வழித்தடம். மூன்றாவது, டிராக் எனப்படும் சுவடு.

பின் இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டை அறியாமையே பெரும்பாலான தொல்லைகளுக்குக் காரணம். வழித்தடம் என்பது வரிசையாக அடுக்கப்பட்ட சில புள்ளிகள். இப்புள்ளியிலிருந்து அப்புள்ளிக்கு எந்தச் சாலையில் செல்வது என்பதைப் பெரும்பாலும் கருவியே முடிவு செய்கிறது. தன்னிடம் உள்ள வரைபடத்தைப் பார்த்து, விரைவான வழியா குறுகிய வழியா, சுங்கச் சாலை வேண்டுமா, மண்சாலை கூடுமா என்று நாம் என்றோ அமைத்து வைத்த விருப்பங்களையும் பார்த்து, இடைவெளியை அது தானே நிரப்புகிறது. எனவே ஒரே கோப்பை இருவர் இறக்கினாலும் இருவருக்கும் ஒரே வழி கிடைக்கும் என்பதற்கு உறுதியில்லை.

சுவடு அப்படியன்று. வண்டி ஓடும்போது சில நொடிகளுக்கு ஒருமுறை பதிவான ஆயிரக்கணக்கான புள்ளிகளின் கோடு அது. கருவி அதை மாற்றாமல் அப்படியே வரைந்து காட்டும். திரும்பு, நில் என்று அது பேசாமல் போகலாம். ஆனால் உண்மையாகப் பதிவு செய்யப்பட்ட சுவடு, ஒருவர் அவ்வழியே சென்றார் என்பதற்குச் சான்று. வழித்தடம் ஒரு விருப்பம். சுவடு ஒரு சாட்சி. சென்று மீண்ட பொருநனின் சொல்லுக்கு நிகரானது சுவடுதான்.

இன்னொன்றையும் மனத்தில் கொள்ள வேண்டும். வானத்துச் செயற்கைக்கோள்கள் நாம் நிற்கும் இடத்தைச் சொல்கின்றன, வழியைச் சொல்வதில்லை. 2000-ஆம் ஆண்டு மே மாதத்தில் அமெரிக்க அரசு, பொதுமக்களுக்கான ஜி.பி.எஸ். அலைகளில் வேண்டுமென்றே புகுத்தியிருந்த பிழையை நீக்கியது. அதன்பின் சில மீட்டர் துல்லியத்தில் நம் இடம் தெரிகிறது. நம் நாடும் நாவிக் என்னும் பெயரில் சொந்தச் செயற்கைக்கோள்களை ஏவியுள்ளது. ஆயினும் நாம் பாலத்தின் முன் நிற்கிறோம் என்பதைத்தான் அவை கூறும். அந்தப் பாலம் வண்டியைத் தாங்குமா என்பதை வரைபடம் தீட்டியவர்தாம் சொல்ல வேண்டும்.

டெல்டாவின் கணக்கு வேறு

சமவெளியில் வழி தவறினால் என்ன, சற்றுச் சுற்றிப் போகலாமே என்று சிலர் எண்ணக்கூடும். நம் மண்ணைப் பொறுத்தவரை அது பொருந்தாது. கல்லணையில் காவிரி, வெண்ணாறு, கொள்ளிடம், கல்லணைக் கால்வாய் என்று நீர் பிரிகிறது. பிறகு குடமுருட்டி, அரசலாறு, வெட்டாறு, வடவாறு, கோரையாறு, பாமணியாறு எனக் கிளைகள் விரிகின்றன. கிளைகளிலிருந்து வாய்க்கால்கள், வாய்க்கால்களிலிருந்து கன்னிகள். இத்தனை நீர்வழிகளுக்கு இடையே நம் ஊர்கள் தீவுகளைப் போல் அமர்ந்திருக்கின்றன. எதிர்க்கரையில் இருப்பவரைக் கூப்பிட்டால் கேட்கும். வண்டியில் போவதென்றால் பாலம் தேடி ஐந்து கல் சுற்ற வேண்டும். மலைநாட்டில் தூரத்தைக் கணவாய் தீர்மானிக்கும். நம் நாட்டில் தூரத்தைத் தீர்மானிப்பது பாலம்.

இந்நிலம் வரைபடக்காரர்களுக்கு என்றுமே எளிதாக இருந்ததில்லை. வில்லியம் லாம்டன் தம் பெரும் முக்கோண நிலஅளவைப் பணியைத் தஞ்சைப் பகுதிக்குக் கொண்டுவந்தபோது, நெடுந்தொலைவு பார்ப்பதற்கு இங்கே குன்றுகள் இல்லை. எங்கு நோக்கினும் வயலும் தென்னையும் மூங்கிலும்தான். கோயில்களின் உயரத்தையே அவர் நாட வேண்டியதாயிற்று. 1808-இல் பெரிய கோயிலின் மேல் அரை டன் எடையுள்ள தியோடலைட் கருவியைக் கயிறு கட்டி ஏற்றியபோது, கயிறு அறுந்து கருவி சுவரில் மோதிச் சேதமுற்றது. அவர் கருவியைப் பழுது பார்த்துக்கொண்டு பணியைத் தொடர்ந்தார். மேலிருந்து பார்த்தால் எல்லாம் ஒரே பசுமையாகத் தோன்றும் நாடு இது. இங்கே வேறுபாடுகள் யாவும் தரையில் இருக்கின்றன.

ஓர் எடுத்துக்காட்டு கூறுகிறேன். சோழர் கோயில்கள் மூன்றையும் ஒரே நாளில் காண விரும்பி, தஞ்சை, தாராசுரம், கங்கைகொண்ட சோழபுரம் என்று வழித்தடம் அமைத்துக்கொண்டு வருவோர் பலர். தஞ்சைப் பெரிய கோயில் 1987-இலும் மற்ற இரண்டும் 2004-இலும் உலகப் பாரம்பரியச் சின்னங்களாக அறிவிக்கப்பட்டவை. முதல் இரண்டும் கொள்ளிடத்துக்குத் தெற்கே, மூன்றாவது வடக்கே. ஆகவே கொள்ளிடத்தைக் கடந்தே தீர வேண்டும். எங்கே கடப்பது? திருவையாற்றிலிருந்து அரியலூர் செல்லும் சாலையில் திருமானூர்ப் பாலம் இருக்கிறது. கும்பகோணம், திருப்பனந்தாள் வழியாக வந்தால், ஆர்தர் காட்டன் 1836-இல் கட்டிய கீழணை இருக்கும் அணைக்கரை வருகிறது. கோப்பில் தஞ்சையும் கங்கைகொண்ட சோழபுரமும் மட்டுமே புள்ளிகளாக இருக்குமானால், ஒரு கருவி திருமானூர் வழியைப் பிடிக்கும். மற்றொன்று அணைக்கரை வழியைப் பிடிக்கும். இரண்டு வழிகளுக்கும் நடுவே ஒரு பெரிய ஆறே ஓடுகிறது!

சாலைகளும் ஓரிடத்தில் நிற்பதில்லை. 2010-இல் தேசிய நெடுஞ்சாலைகளுக்குப் புதிய எண்கள் தரப்பட்டன. பழைய 45சி இன்று 36-ஆம் எண் சாலையில் அடங்கிவிட்டது. விக்கிரவாண்டி - தஞ்சாவூர் நான்கு வழிச்சாலையில், சேத்தியாத்தோப்பு - சோழபுரம் பகுதி 2025 சூலையில் திறந்துவைக்கப்பட்டது. பழைய சாலையில் புள்ளி வைத்த ஒரு கோப்பைப் புதிய வரைபடம் உள்ள கருவியில் இறக்கினால் என்னாகும்? கருவி விரைவை விரும்பிப் புதிய சாலைக்கு ஏறும், அடுத்த புள்ளியைத் தொடுவதற்காகப் பழைய சாலைக்கு இறங்கும், மீண்டும் ஏறும். ஓட்டுபவர் தலை சுற்றிப்போவார்.

மேப்பில் உண்டு, ஆற்றில் இல்லை

இரண்டு ஆண்டுகளுக்கு முன் ஒரு தை மாதத்தில், எங்கள் ஊர்த் தேநீர்க் கடையில் நான் இருந்தபோது, வெளியூர் இளைஞர்கள் இருவர் மோட்டார் சைக்கிளில் வந்து நின்றனர். கைப்பிடியில் கருவி ஒளிர்ந்தது. அது நேராகப் போகச் சொல்கிறது; எதிரே வாய்க்கால்.

"தம்பி, அது ஆளு நடக்குற பாலம். கைப்புடிச் சுவருகூட இல்ல. வண்டியெல்லாம் போவாது. இப்படியே கரையோட போயி, பெரிய மதகு தாண்டித் திரும்புங்க" என்றார் கடைக்காரர்.

"மேப்புல ரோடுன்னு காட்டுதே அண்ணே!"

"மேப்புல இருக்கும் தம்பி. ஆத்துல இல்லியே!"

கடையில் இருந்தோர் சிரித்தனர். ஆனால் இது சிரித்துவிட்டு மறக்கும் செய்தியன்று. 2024 நவம்பரில் உத்தரப் பிரதேசத்தில் பரேலிக்கு அருகே, வெள்ளத்தில் ஒரு பகுதி இடிந்துபோன பாலத்தின் மீது இரவில் காரோட்டிச் சென்ற மூவர் ராமகங்கை ஆற்றில் விழுந்து மாண்டனர். வழிகாட்டிச் செயலியை நம்பிச் சென்றனர் என்று செய்திகள் கூறின. நம் பகுதியிலும் வெள்ளம் வராமலில்லை. 2018 ஆகஸ்டில் முக்கொம்பு மேலணையின் மதகுகள் உடைந்ததையும், அதே ஆண்டு நவம்பரில் கஜா புயல் சாலையெங்கும் மரங்களையும் மின்கம்பங்களையும் சாய்த்ததையும் நாம் மறந்திருக்க மாட்டோம். கருவியில் உள்ள வரைபடம் எந்த நாளில் எடுத்ததோ, அந்த நாளோடு அதன் அறிவு நின்றுவிடுகிறது.

நெல் காயும் சாலை

ஓட்டுபவரின் உயிரைப் பற்றி மட்டும் நான் கவலைப்படவில்லை. அவர் கடந்து செல்லும் ஊருக்கும் இதில் பங்கு இருக்கிறது.

நான் உழவர் குடும்பத்தில் பிறந்தவன். நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில் ஈரப்பதம் பார்த்துத்தான் நெல்லை எடுப்பார்கள். வழக்கமான வரம்பு 17 விழுக்காடு. குறுவை அறுவடை மழையோடு வரும்; சம்பா அறுவடை பனியோடு வரும். உலர்களம் போதாத ஊர்களில் தார்ச்சாலையே களம். பகலெல்லாம் நெல்லைப் பரப்பிக் காலால் கிளறிவிடுவார்கள். மாலையில் குவித்துத் தார்ப்பாய் போர்த்தி, காற்றில் பறக்காமல் சுற்றிலும் கல் வைப்பார்கள். சாலையில் நெல் கொட்டுவது முறையா என்று கேட்பீர்கள். முறையன்று என்பதை உழவரும் அறிவர். ஊர்தோறும் உலர்களம் அமைத்துத் தந்தால் சாலையை யார் நாடப்போகிறார்கள்?

இந்தச் சாலையைத்தான் குறுகிய வழி என்று கருவி தேர்ந்தெடுக்கிறது. நெடுஞ்சாலையில் வர வேண்டிய வண்டி, இரவு எட்டு மணிக்கு ஆற்றங்கரைச் சாலையில் வேகமாக வருகிறது. கறுப்புத் தார்ப்பாயும் கல்லும் விளக்கொளியில் தெரிவதற்குள் அருகில் வந்துவிடுகின்றன. விழுபவர் ஒருபுறம், குவியலுக்குக் காவலாக அருகிலேயே படுத்திருக்கும் முதியவர் மறுபுறம். இருவருக்கும் இடையே வழக்கு மூள்கிறது. கோப்பை அனுப்பியவரோ எங்கோ நிம்மதியாக இருக்கிறார்.

மேட்டூர் அணையை சூன் 12-இல் திறப்பது மரபு. அதற்கு முன் கோடையில் வாய்க்கால்களைத் தூர்வாருவார்கள். கரைச்சாலைகளில் எந்திரங்கள் நிற்கும். மண் குவிந்து கிடக்கும். விடுமுறைக்கு வெளியூர்க்காரர்கள் வருவதும் அதே கோடையில்தான். மாசியில் நல்ல வழி வைகாசியில் நல்ல வழியாக இராது. இதை நெல்லறிந்தவன் அறிவான்; கருவி அறியாது.

பெறுபவர் செய்ய வேண்டியவை

அப்படியானால் கருவியே வேண்டாமா? ஊராரைக் கேட்டே போய்விடலாமே என்பாரும் உளர். நான் அவ்வாறு கூறவில்லை. நள்ளிரவில் கேட்க ஆள் இருப்பதில்லை. கொட்டும் மழையில் யாரும் வெளியே நிற்பதில்லை. கருவி வேண்டும். ஆனால் இரவலாக வந்த வழியை நம் வழியாக மாற்றிக்கொண்ட பிறகே அதனைப் பின்பற்ற வேண்டும்.

முதலாவது, இறக்கிய வழித்தடத்தைப் புறப்படுமுன் வீட்டிலேயே திறந்து, பெரிதாக்கி, தொடக்கம் முதல் முடிவு வரை விரலால் தொடர்ந்து பார்க்க வேண்டும். கோப்போடு சுவடும் வந்திருந்தால், இரண்டையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துப் பார்ப்பது நன்று. எங்கே விலகுகிறதோ அங்கே கருவி தன் விருப்பத்தைப் புகுத்தியிருக்கிறது என்று பொருள்.

இரண்டாவது, ஆற்றைக் கடக்கும் ஒவ்வோர் இடத்திலும், பாலத்தின்மேல் ஒரு புள்ளி வைக்க வேண்டும். ஊர்ப் பெயரில் புள்ளி வைப்பதைவிடப் பாலத்தில் வைப்பதே நம் பகுதிக்கு ஏற்றது. பாலம் உறுதியானால் இடைப்பட்ட வழியில் கருவி பெரிதாகத் தவற இடமில்லை. புள்ளி சாலையின் மேலேயே விழ வேண்டும். சற்று விலகி எதிர்க்கரையில் விழுந்துவிட்டால், அதைத் தொடுவதற்காகக் கருவி அடுத்த பாலம் வரை நம்மைச் சுற்றவைக்கும்.

மூன்றாவது, புள்ளிகளில் இரு வகை உண்டு. சில கருவிகள் அவற்றை வேறுவேறாக நடத்தும். ஒன்று கட்டாயம் தொட வேண்டிய நிறுத்தப் புள்ளி. அதைத் தாண்டிப் போனால், திரும்பு, திரும்பு என்று கருவி விடாமல் வற்புறுத்தும். மற்றொன்று வழியை வளைப்பதற்கு மட்டும் உதவி, ஓசையின்றிக் கடந்துபோகும் புள்ளி. கோயிலுக்கும் உணவுக்கும் முதல் வகையை வைத்துக்கொள்ளலாம். பாலங்களுக்கு இரண்டாம் வகை போதும். சாலை அடைபட்டு வேறு வழி போக நேர்ந்தால், கருவி நம்மைப் பின்னுக்கு இழுக்காது.

நான்காவது, வழி விலகினால் தானே மறுகணக்கு இடுவது, நம்மைக் கேட்டு இடுவது, இடாமலே இருப்பது என்று கருவிகளில் அமைப்பு உண்டு. கேட்டு இடும்படி வைப்பதே நன்று. ஓடும் வண்டியில் திரையைத் தட்டிக்கொண்டிருப்பது தற்கொலைக்கு ஒப்பாகும். கேள்வி வந்தால் வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டு விடை சொல்லலாம்.

ஐந்தாவது, கோப்பு வேறு, அதிலிருந்து கருவி கணக்கிட்டுச் சேமித்துக்கொண்ட பயணம் வேறு. கணினியில் கோப்பைத் திருத்திவிட்டால் கருவியில் உள்ள பயணம் தானே திருந்திவிடாது. பழையதை அழித்துவிட்டுப் புதியதை மீண்டும் இறக்க வேண்டும். ஒரே பெயரில் மூன்று பயணங்கள் கருவியில் கிடந்தால், அவசரத்தில் எதைத் தொடுவோம் என்று யார் அறிவார்? பெயரிலேயே நாளைச் சேர்த்து எழுதுவதும், முடிந்த பயணங்களை அவ்வப்போது நீக்கிவிடுவதும் நல்ல பழக்கம். புத்தக அலமாரியைத் துப்புரவாக வைத்துக்கொள்ளும் மாணவனுக்கு இது புதிதன்று.

கொடுப்பவர் கடமை

பெறுபவருக்கு இத்தனை கடமை இருக்குமானால், கொடுப்பவருக்கு இதனினும் மிகுதியாக உண்டு. வெறும் கோப்பை அனுப்பிவிட்டு, நல்ல வழி, போய் வா என்று சொல்லுவது வழி சொன்னதாகாது. தாம் சென்ற நாள், சென்ற வண்டி, பகலா இரவா, கடந்த பாலங்கள் எவை, எந்த மாதங்களில் எந்தச் சாலையைத் தவிர்க்க வேண்டும் ஆகியவற்றை நான்கு வரிகளில் உடன் எழுதி அனுப்ப வேண்டும். செல்லாத வழியாயின், செல்லவில்லை என்று வெளிப்படையாகக் கூறிவிட வேண்டும். மலைபடுகடாம் பாடிய பெருங்கௌசிகனார் வழுக்கலையும் பாம்பையும் சொல்லத் தவறவில்லை. நாம் தார்ப்பாயையும் கல்லையும் சொல்லத் தவறலாமா?

கடந்த கோடை விடுமுறையில் வெளியூர் நண்பர்கள் இருவருக்கு நான் ஒரு வழித்தடம் அமைத்துக் கொடுத்தேன். முதலில் நானே அவ்வழியைச் சுற்றிவந்து சுவட்டைப் பதிவு செய்தேன். பிறகு பாலத்துக்கு ஒரு புள்ளியாக வைத்தேன். தூர்வாரும் வேலை நடந்த கரைச்சாலைக்கு மாற்று வழியாகப் பெருஞ்சாலையைக் காட்டினேன். ஒரு பகற்பொழுது செலவாயிற்று. அவர்கள் வந்து, பார்த்து, இருட்டுவதற்குள் விடுதி சேர்ந்தனர். இதில் வியப்பு எதுவுமில்லை. எவரும் செய்யக்கூடியதே.

நாம் ஒருவர் ஒருவராகச் செய்வதைக் கல்லூரியாகச் செய்தால் என்ன? ஓபன் ஸ்ட்ரீட் மேப் என்னும் பொது வரைபடம் 2004 முதல் இயங்கிவருகிறது. எவரும் அதில் திருத்தம் செய்யலாம். 2021 பிப்ரவரியில் நடுவண் அரசு வெளியிட்ட நெறிமுறைகள், இந்தியர்கள் வரைபடத் தரவுகளைத் திரட்டவும் வெளியிடவும் இருந்த முன் அனுமதித் தடைகளைப் பெருமளவு நீக்கிவிட்டன. புவியியல் மாணவர்களும் நாட்டு நலப்பணித் திட்ட மாணவர்களும் ஆளுக்கு ஓர் ஊரை எடுத்துக்கொண்டு, நடைபாலம் எது, வண்டிப் பாலம் எது, இடிந்த பாலம் எது என்று பார்த்துக் குறித்தால், ஒரே கல்வியாண்டில் நம் கல்லூரியைச் சுற்றியுள்ள பாலங்கள் அனைத்தும் வரைபடத்தில் சரியாக ஏறிவிடும். பிறகு உலகின் எந்த மூலையிலிருந்து யார் வழித்தடம் அமைத்தாலும், அதனடியில் நாம் நடந்து பார்த்த உண்மை இருக்கும். பேராசிரியர்கள் இதனைக் களப்பயிற்சியாக ஏற்று மதிப்பெண்ணும் வழங்குவார்களாயின் மாணவர்கள் விரும்பிச் செய்வர் என்பது என் தாழ்மையான கருத்து.

நம் ஆறுகள் எங்கே ஓடுகின்றன என்பதை எவரும் வானத்திலிருந்து பார்த்துக்கொள்ளலாம். அவற்றை எங்கே கடப்பது என்பதைக் கரையில் வாழும் நாம்தாம் சொல்ல வேண்டும். வருகிற கோடையில் பாலங்களிலிருந்து தொடங்குவோம்.